எங்கள் வைஃபைக்கு ஒரு ஜாகா

எங்கள் வீட்டு வரிசையில் ஏனம் வெறுமையாகத் திரும்பாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு மங்குக் கிண்ணம் நண்டுப் பிரட்டல் கொடுத்துவிட்டால், அந்த மங்கு கழுவித் துடைக்கப்பட்டு, உள்ளே எதையாவது சுமந்துகொண்டுதான் நம் வீட்டுக்கு வரும். கேசரி வரும், எலுமிச்சை வரும், ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சீனியாவது வரும். செலண்டாருக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்தை விற்று, எங்களையெல்லாம் இந்தத் தாமான் குடியிருப்பில் கொண்டுவந்து இறக்கியபோது பலவற்றை லயத்து வீடுகளிலேயே விட்டுவிட்டு வந்தோம். விட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, குறிப்பாக அந்தப் பொதுக் கழிப்பறைகளை. இந்த ஏனப் பழக்கம் மட்டும் எப்படியோ லோரியில் எங்களோடு ஏறிவிட்டது.

எங்கள் வீட்டு வைஃபை ஊர் முழுக்கப் போனதும் இந்தப் பழக்கத்தால்தான். ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா பால் கொழுக்கட்டை கொடுத்தனுப்பியிருந்தார். மங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனால் வீட்டில் ஒன்றுமே இல்லை. அலோர் காஜாவில் ஒரு பல் மருத்துவர் கிளினிக்கில் முகப்பு மேசை வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன், சோறுகூட வைக்கவில்லை. சீனி டின்னும் காலி. "அக்கா, இன்னிக்கு இதான் லா இருக்கு" என்று வைஃபை கடவுச்சொல்லைச் சொன்னேன். கேசரியைவிட அதிக சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு அந்தக் கடவுச்சொல் மங்கு மங்காகப் பயணம் செய்தது. அக்கா அதைத் தன் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார், அவர்கள் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். கேசரியாக இருந்தால் கொடுக்கக் கொடுக்கக் குறையும். இது குறையவில்லை. வேகம்தான் குறைந்தது.

கொடுக்காவிட்டாலும் கண்டுபிடித்திருப்பார்கள். ஏனென்றால் அந்தக் கடவுச்சொல் என் வீட்டுக்காரருடைய கார் நம்பர். எங்கள் ஆட்கள் பிறந்தநாளை மறப்பார்கள், கல்யாண நாளைக் கட்டாயம் மறப்பார்கள், கார் நம்பரை மட்டும் மறக்கமாட்டார்கள். விற்றுப்போன காரின் நம்பரைக்கூட நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எழுதிக்கொண்டிருப்பார்கள். கேட்டுக்கு ஒரு பூட்டு, கிரில்லுக்கு ஒரு பூட்டு, மரக்கதவுக்கு உள்ளே இரண்டு தாழ்ப்பாள் என்று, லோரி ஓட்டப் போகாத ஒவ்வொரு இரவும் ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கும் மனிதர் என் வீட்டுக்காரர். வைஃபை சாவியை மட்டும் பெரிய எழுத்தில் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார், வாரம் ஒருமுறை அதைக் கழுவியும் வைத்தார்.

இந்தக் கதையில் முக்கியமான ஆள் என் வீட்டுக்காரர் அல்ல, மூலை வீட்டு அண்ணன். எங்கள் வீட்டை ஒட்டிய கடைசி வீடு அவருடையது. மலாக்காவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காலமெல்லாம் ஜாகாவாக, அதாவது காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலின் தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டு, வருகிறவனிடம் அடையாள அட்டையான ஐசியை வாங்கிப் பார்த்து, நம்பரைக் குறித்துக்கொண்டு, பிறகுதான் கட்டையைத் தூக்குவார். ஒரு முறை தொழிற்சாலை முதலாளியையே ஐசி கேட்டு நிறுத்தினார் என்பது அவரே பெருமையாகச் சொல்லும் கதை. ஓய்வு பெற்றும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் வைஃபை பெட்டியை மாட்ட ஆள் வந்த அன்று நாங்கள் இருவரும் வேலையில் இருந்ததால், வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்திருந்தோம். வந்தவனின் அடையாள அட்டையைப் படம் பிடித்தார், வேனைப் படம் பிடித்தார், போகிற போக்கில் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டையும் படம் பிடித்து வைத்துக்கொண்டார். அந்தச் சீட்டில் இருப்பது பெட்டிக்குள் எதையும் மாற்றவிடும் மூலச் சாவி என்பது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதற்கு நடுவில் என் மகள். பள்ளியின் கடைசிக் கட்டமான ஆறாம் படிவம் முடித்துவிட்டு மருந்தாளர் படிப்புக்கு விண்ணப்பித்தாள். போன வருடம் இடம் கிடைக்கவில்லை. இந்த வருடம் மறுபடியும் முயன்றதில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மடிக்கணினியில், முகம் பார்த்துப் பேச வேண்டும். இதுவும் போனால் ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவதாக அவளே முடிவு செய்திருந்தாள். சத்தம் போடாமல், அழாமல், நாளைக்குச் சட்டை தேய்க்கணும் என்பதைப் போல அதைச் சொன்னாள்.

தேர்வு திங்கட்கிழமை காலை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். எங்கள் கோவில் தலைவர் விவரமானவர். பேச்சு முடிந்த பிறகுதான் அன்னதானம் என்று அறிவித்துவிட்டார். அதனால் மண்டபம் நிறைந்திருந்தது.

பேசியது சின்ன வயதுப் பெண், நன்றாகத்தான் பேசினாள். கார் நம்பர், பிறந்த தேதி, பிள்ளை பெயர் இதெல்லாம் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள் என்றாள். மண்டபத்தில் பாதிப் பேர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியோடு வந்த மூலச் சாவியை மாற்றாமல் விட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து வீட்டுக்காரனாகிவிடலாம் என்றாள். கோப்பிக் கடையில் கடைப் பெயரிலேயே பொய் வைஃபை ஒன்றை வைத்து, நாம் தட்டுவதையெல்லாம் பிடித்துக்கொள்வார்கள் என்றாள். ரோட்டோரம் காரை நிறுத்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைபவர்களும் இருக்கிறார்கள் என்றாள். கடைசியாக, யார் போன் செய்து ரகசிய நம்பர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், தெரிந்தவர் குரலையே நகல் எடுத்துப் பேசுகிறார்கள், சந்தேகம் வந்தால் அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள் என்றாள்.

நான் சாம்பார் வாசனையில் பாதியை விட்டுவிட்டேன். மூலை வீட்டு அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரு சொல்லையும் விடவில்லை. பேச்சு முடிந்ததும் சாப்பாட்டு வரிசைக்குப் போகாமல் அந்தப் பெண்ணிடம் போய்த் தன் போனில் எதையோ காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், இந்த வயதிலும் கற்றுக்கொள்கிறாரே என்று நினைத்தபடி நான் அப்பளம் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் வைஃபை இல்லை. பெட்டியில் விளக்குகள் பச்சையாக எரிந்தன. ஆனால் வீட்டில் எந்தப் போனும் உள்ளே போகவில்லை, கடவுச்சொல் தவறு என்றே வந்தது. என் மகள் மேலே கோட்டு, கீழே கைலி என்ற கோலத்தில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கார் நம்பரை அடித்தாள். வேகமாக அடித்தாள், மெதுவாக அடித்தாள், சாமி கும்பிட்டுவிட்டு அடித்தாள்.

வெளியே வந்தால் வரிசை முழுக்க வாசலில் நின்றது. எல்லார் கையிலும் போன். ஆனால் யாருக்கும் நேராகக் கேட்க வாய் வரவில்லை, அடுத்தவன் வீட்டு வைஃபை இல்லையென்று அந்த அடுத்தவனிடமே எப்படிப் புகார் செய்வது? ஒருவர் கூட்டிய வாசலையே திரும்பக் கூட்டினார். ஒருவர் வாடாத செடிக்குத் தண்ணீர் விட்டார். எதிர்வீட்டு அக்காதான் துணிந்து, "பசியாறிட்டியாம்மா? உங்க வீட்ல கரண்டு இருக்குல்ல?" என்று ஆரம்பித்தார்.

போன் லைனை நம்ப முடியாது. எங்கள் தாமான் பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் செம்பனைத் தோட்டம். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பேச முடியும், படம் வராது. வயரைச் சொருகலாம் என்றால் அந்த மெல்லிய மடிக்கணினியில் அதற்கு ஓட்டையே இல்லை. பெட்டியின் பின்னால் ஊசியால் குத்தி எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று நான் கேட்டேன். "அழிச்சிட்டா லைனே போயிடும்மா, மறுபடி ஆள் வந்துதான் சரி பண்ணணும்" என்றாள் மகள். தேர்வுக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

அப்போது எதிர்வீட்டு அக்கா, "மூலை வீட்டு அண்ணன் நேத்து சாயங்காலம் உங்க செவுத்துப் பக்கம் நாக்காலி போட்டு உக்காந்து போன நோண்டிக்கிட்டே இருந்தாரு. என்னண்ணேன்னு கேட்டேன். கட்டைய எறக்குறேன்னு சொன்னாரு" என்றார்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை என் வீட்டிலேயே, என் பெட்டியிலேயே செய்து காட்டிய மனிதரை அன்றுதான் பார்த்தேன். பார்க்கவும் முடியவில்லை. அவரும் அண்ணியும் விடியற்காலையிலேயே மலாக்கா மருத்துவமனைக்குக் கண் பரிசோதனைக்குப் போய்விட்டார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் நின்று போன் அடித்தேன். என் போனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி கெட்டுப்போய்விட்டது, எதுவானாலும் ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில்தான் பேச முடியும். மகள் என் தோளோடு ஒட்டி நின்றாள். வரிசை கொஞ்சம் தள்ளி நிற்பதாகப் பாவனை செய்தது.

"அண்ணே, வைஃபை நம்பர மாத்தினீங்களா?"

"மாத்திட்டேம்மா. ரெண்டு சாவியும் மாத்திட்டேன். எவன் எவனோ உள்ள இருக்கான். கட்டைய எறக்கினாத்தான் எவன் ஹாரன் அடிக்கிறான்னு தெரியும். எத்தன பேரு வெளிய வந்து நிக்கிறான் பாரு."

"எல்லாரும் நிக்கிறாங்க. நானும்தான் நிக்கிறேன்! பாப்பாவுக்கு இப்ப இண்டர்வியூ. புது நம்பரச் சொல்லுங்க."

மருத்துவமனையில் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு முற்றிலும் வேறு குரலில், அந்தத் தொழிற்சாலை வாசல் குரலில், "நீங்க யாரு பேசுறது?" என்றார்.

"அண்ணே!"

"கொரலு அதே மாதிரிதான் இருக்கு. ஆனா நேத்து அந்தப் பொண்ணு என்னா சொன்னுச்சு? கொரலயே காப்பி அடிக்கிறானுங்க."

"என் நம்பருதானே உங்க போன்ல வருது?"

"நம்பரயும் காப்பி அடிக்கலாம் லா."

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "அவதாங்க, குடுத்துத் தொலைங்க!" அதற்கு அவர், "நீ சும்மா இரு. ஒன்னய மாதிரி ஆளுங்களத்தான் மொதல்ல ஏமாத்துவானுங்க" என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் சாவி அவர் கையில்.

"சரி, கேளுங்க. என்னா கேக்கணுமோ கேளுங்க."

"போன வாரம் எங்க வீட்டுக்கு என்னா குடுத்து விட்டீங்க?"

"நண்டுப் பெரட்டல்."

"அது ரோட்டுல போனவனுக்கெல்லாம் தெரியும். வாசம் அப்படி. ஒங்க வீட்டுக்காரரு எங்க?"

"ஜொகூருக்கு லோட் ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு."

"லோரி நிக்கல, அதப் பாத்தே சொல்லலாம். எனக்கு எந்தக் கண்ணுல கோளாறு?"

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு அக்கா, "எடது கண்ணு!" என்று கத்தினார்.

"பாத்தியா, பாத்தியா! பக்கத்துல நின்னு எவனோ சொல்லிக் குடுக்கிறான்!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் மேல் மட்டும் தப்பு இல்லை. எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும், ஆனால் எங்கள் வரிசையில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தது என்று எதுவும் கிடையாது. யாருக்குச் சீனி வியாதி, யார் வீட்டில் நேற்று சண்டை, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்த ஊர் முழுவதும் என் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. மகள் உள்ளே ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "ம்மா, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"போன வருஷம், ஒரு சாயங்காலம். வீட்டுக்குப் பின்னால சந்துல. நான் என்னா செஞ்சேன்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது.

போன வருடம் மகளுக்கு இடம் இல்லையென்று செய்தி வந்த அன்று நான் அவளிடம், "போனா போவுது லா, ஒலகம் என்ன முடிஞ்சா போச்சு?" என்று சொல்லி வாழைப்பழம் பொரித்துக் கொடுத்தேன். நாலு பகடியும் பேசினேன். அவளும் தின்றாள். பிறகு குப்பையைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று பின்வாசல் வழியாகச் சந்துக்குப் போனேன். சாக்கடை ஓரம் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். திணித்தும் சத்தம் வெளியே வந்துவிட்டது. அப்போது மூலை வீட்டுப் பின்கதவு திறந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். ரப்பர் குழாயை எடுத்துத் தண்ணீரை முழு வேகத்தில் திறந்துவிட்டு, காலையில் கழுவிய சாக்கடையையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் வரிசையில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகும் வரைக்கும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழுவினார்.

அதன்பிறகு அதைப் பற்றி அவர் என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை. வரிசையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே அது எனக்கே திரும்பி வந்திருக்கும். அண்ணியிடமும் சொல்லவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

ஸ்பீக்கர் திறந்திருந்தது. பக்கத்தில் மகள். அவளிடம் மறைத்த ஒரே விஷயத்தை, அவளுக்காகவே, அவள் காதில் விழும்படி சொல்ல வேண்டியிருந்தது.

"நான் அழுதேன்ணே" என்றேன். "பாப்பாவுக்கு எடம் கெடைக்கலன்னு சந்துல உக்காந்து அழுதேன். யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு நீங்க பைப்பத் தொறந்து விட்டீங்க."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

"ஐயோ, நீதான் தங்கச்சி" என்றார் அண்ணன். "மன்னிச்சிக்கம்மா. பாப்பா ரூம்புல கேமரா வச்ச கம்ப்யூட்டர் இருக்கு, வயசுப் பொண்ணு, எவனாச்சும் உள்ள பூந்துட்டா என்னா செய்யிறது, அதான்மா செஞ்சேன். இந்தா, சொல்றேன். எங்கயும் எழுதி வைக்காத."

அவர் சொன்னது நீளமான ஒரு வாக்கியம். அதை இங்கேயும் எழுதப்போவதில்லை. அந்த அளவுக்காவது நான் திருந்திவிட்டேன். மகள் மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள், கதவைச் சாத்தினாள், உள்ளே யாரோ மலாயில் அவளுக்குக் காலை வணக்கம் சொல்லும் குரல் கேட்டது.

அன்று காலை எங்கள் வரிசையில் ஒரு வானொலிகூடப் பாடவில்லை. ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பும்போதே யாரோ ஓடிப்போய் ஹாரனை அடிக்காதே என்று நிறுத்தினார்கள். வைஃபை இல்லாதவர்கள் ஜாகா வேலை பார்த்தார்கள்.

அண்ணன் மத்தியானம் வந்ததும் திட்டினேன். முழுவதும் திட்டினேன், அழுததற்கும் சேர்த்துத் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, கடைசியில் "கோப்பி இருக்காம்மா?" என்றார். அந்த வாரமே மகள் பெட்டிக்குள் இரண்டு வாசல் வைத்துவிட்டாள். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று விருந்தாளிகளுக்கு, தனிப் பெயர், தனிச் சாவி, அங்கிருந்து எங்கள் கணினி எதையும் எட்டிப் பார்க்க முடியாது. மூலச் சாவி எங்களிடம். விருந்தாளி வாசலுக்கு மாதம் ஒருமுறை சாவி மாற்றுவது அண்ணனின் வேலை. வாங்கப் போகிறவர்களிடம் அவர் ஐசி கேட்பதாகப் புகார் வருகிறது. நான் கண்டுகொள்வதில்லை.

முடிவு வந்த அன்று நான் சமையலறையில் இருந்தேன். மகள் போனை நீட்டினாள். வாசித்தேன், மறுபடியும் வாசித்தேன். இடம் கிடைத்திருந்தது. "பரவாயில்லயே, ஒனக்கும் குடுத்துட்டானுங்களே" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, குப்பைப் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தேன்.

மகள் குறுக்கே வந்து பையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"குப்பைய அப்புறம் போடலாம்மா" என்றாள். "இந்தத் தடவ இங்கயே அழு."